மசாஜ் நிலையத்தின் வாசற்படி: மெர்லிமாவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் எவ்வளவு தூரம்?

மெர்லிமாவ் - மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் தயக்கமின்றிப் போகக்கூடிய மசாஜ் நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலரும் கோலாலம்பூரைத்தான் கைகாட்டுவார்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் நாடறிந்தவை. ஆனால், அந்தச் சேவை அதிகம் தேவைப்படுபவர்கள் ஜாசின் மாவட்டத்துச் செம்பனைத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறி மெர்லிமாவ், பெம்பான், செர்க்காம் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

பிடித்துவிடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. குனிந்து நிமிர முடியாத இடுப்போடும், தூக்க முடியாத தோளோடும் காலம் தள்ளுபவர்களுக்கு அது அன்றாட வாழ்க்கைப் பிரச்சினை. கைத்திறன், சட்டம், மறுவாழ்வு மையம் மூன்றும் இந்த நாட்டில் இருக்கின்றன. இவை ஏன் மெர்லிமாவ் போன்ற சிற்றூருக்கு வந்து சேரவில்லை?

உழைத்துத் தேய்ந்த உடம்பு

தோட்ட வேலையின் சுவடு உடம்பில் தங்கிவிடும். பால்மரம் சீவியவர்கள் விடியலுக்கு முன் எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து, பால் வாளியைத் தூக்கிச் சுமந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு வேலை மாறியது, பாரம் குறையவில்லை. உயர்ந்த மரத்தின் குலையை அறுக்க, நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து வைத்தபடி இழுக்க வேண்டும். விழுந்த குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் போட வேண்டும். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் குனிந்தே இருப்பார்கள். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என எல்லாவற்றிலும் இந்த வேலை கணக்கு எழுதி வைத்துவிடுகிறது.

முன்பு தோட்டத்தில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருந்தார். பிரசவித்த பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட மருத்துவச்சி இருந்தார். மலாய்க் கம்பத்து ‘உருட்’ பாட்டியிடம் போவதும் வழக்கம். இவர்களில் பலர் நோயாளியின் வீடு தேடி வந்தார்கள் என்பதை இன்று நினைத்துப் பார்க்க வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவர் படியேறிப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, மக்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தபோது இந்த ஏற்பாடும் கலைந்தது.

நம் மரபில் இதற்கு முறையான பெயரும் உண்டு. சித்த மருத்துவம் கூறும் 32 வகைப் புற மருத்துவங்களில் ‘தொக்கணம்’ ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என அதன் கைமுறைகள் ஒன்பதாக வகுக்கப்பட்டுள்ளன. உடம்பு பிடித்தல் ஒரு மருத்துவமுறை என்ற தெளிவு நம் முன்னோருக்கு இருந்தது.

இன்னொரு சுமை நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும், கண் பார்வை போகும், சிலருக்குக் காலையே எடுக்க நேரிடும். ஆகவே, மாற்றுத்திறன் என்பது யாரோ சிலருடைய பிரச்சினை அன்று. 50 வயதைத் தாண்டிய நம்மவர் வீடுகளில் அது எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம்.

பிரிக்பீல்ட்ஸ் தரும் பாடம்

1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அங்குள்ள கர்னி பயிற்சி மையம், பிரிட்டிஷ் ஆட்சிக்கால உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயரைத் தாங்கியது. பார்வையற்ற இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தருவது அதன் பணி. ஒரு காலத்தில் பிரம்புப் பின்னலும் கூடை முடைதலும் பார்வையற்றோரின் தொழில்கள் எனக் கருதப்பட்டன. பின்னாளில் மசாஜும் கால் பாத அழுத்தச் சிகிச்சையும் அவர்களுக்கு முக்கிய வருமான வழிகளாயின. பயிற்சி முடித்தவர்கள் சுற்றியுள்ள தெருக்களிலேயே கடை போட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் கையேந்தாமல் உழைத்துச் சம்பாதிக்கும் வட்டாரம் ஒன்று இப்படித்தான் உருவானது.

ஆனால் அதன் இன்றைய நிலை கவலையளிக்கிறது. ஒரு பக்கம், விளக்கு அலங்காரமும் விளம்பரப் பலகையும் கொண்ட பெரிய கால் பாத மசாஜ் நிலையங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்துக் குறைந்த கட்டணத்தில் போட்டி போடுகின்றன. மறுபக்கம், சில நிலையங்களில் நடந்த முறைகேடுகளால் ‘மசாஜ்’ என்ற சொல்லே கெட்டுப்போனது. அதன் விளைவாக ஊராட்சி மன்றங்கள் உரிமம் வழங்குவதில் கெடுபிடி காட்டும்போது, நேர்மையாகத் தொழில் செய்யும் பார்வையற்றவரும் அதே தராசில் நிறுத்தப்படுகிறார். நம் குடும்பப் பெண்கள் இடுப்புவலி தாங்க முடியாமல் தவித்தாலும் மசாஜ் நிலையத்துக்குப் போகத் தயங்குவதற்கும் இந்தக் கெட்ட பெயரே காரணம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்தத் தொழில் அடியோடு நின்றது. தொடுவதுதான் தொழில், தொடக் கூடாது என்பதுதான் ஆணை. சேமிப்பு இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை விளக்கத் தேவையில்லை.

தெருவிலும் சிக்கல் உண்டு. பார்வையற்றோர் கால்களால் உணர்ந்து நடப்பதற்காகப் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் மேடு தட்டிய ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அந்த வழித்தடத்தின் மீதே மோட்டார் சைக்கிள் நிறுத்தப்படுகிறது, கடைப் பொருள்கள் அடுக்கப்படுகின்றன. வசதியைக் கட்டிவிட்டால் போதாது, அதைக் காப்பாற்றவும் வேண்டும் என்பதற்கு இது கண்முன் இருக்கும் சான்று.

தொழிலை ஒதுக்கித் தருவது தீர்வா?

ஜப்பானில் பார்வையற்றவர்கள் மசாஜ் தொழில் செய்வது பல நூற்றாண்டுப் பழக்கம். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற ஊசிமுறை மருத்துவர் அவர்களுக்கெனக் கல்விக்கூடம் அமைத்தார். பார்வையற்றோரின் பிழைப்பைக் காக்க, பார்வையுள்ளவர்களுக்கான புதிய மசாஜ் பள்ளிகளை அரசாங்கம் மறுக்கலாம் என 1964-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. அது செல்லும் என்று 2022 பிப்ரவரியில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

தென் கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றோருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2006-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியதும் பார்வையற்றோர் வீதிக்கு வந்து போராடினர். சிலர் ஹான் ஆற்றுப் பாலத்திலிருந்து குதிக்கவும் துணிந்தனர். அதே ஆண்டில் நாடாளுமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் சட்டமாகவே எழுதியது. 2008-இல் நீதிமன்றமும் அதை ஏற்றது.

இந்த ஒதுக்கீட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பிழைப்பைக் காக்கிறது, அதே நேரத்தில், பார்வையற்ற பிள்ளை என்றால் மசாஜ்தான் என்று ஒரே கதவை மட்டும் திறந்து வைக்கிறது. மலேசியாவில் அந்தப் பாதுகாப்பும் இல்லை, மற்றக் கதவுகளும் போதிய அளவு திறக்கவில்லை. முழு ஒதுக்கீடு கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராமல் போகலாம். உரிமக் கட்டணத்தில் விலக்கு, பொதுக் கட்டடங்களில் குறைந்த வாடகைக்கு இடம், மருத்துவமனைகளில் வேலை வாய்ப்பு ஆகியவற்றைக் கேட்பதில் எந்தத் தடையும் இல்லை.

அரசாங்க மருத்துவமனைகளுக்கு இது புதிதுமல்ல. 2007-இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் வேறு சில மருத்துவமனைகளிலும் அது அமைந்தது. நாள்பட்ட வலிக்கும், பக்கவாதத்துக்குப் பிந்திய பராமரிப்புக்கும் அங்கே பாரம்பரிய மசாஜ் தரப்படுகிறது.

சட்டம் இருக்கிறது, பல் இல்லை

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் வந்தது. பொதுக் கட்டடங்களையும் சேவைகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை அதன் 26-ஆவது பிரிவு பேசுகிறது. 2010-இல் மலேசியா, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றது.

ஆனால், அந்த உரிமையை மீறுபவருக்கு அபராதம் எதையும் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கவில்லை. அரசாங்கத்தின் மீது வழக்குப் போடுவதற்கு எதிரான பாதுகாப்பும் அதன் 41, 42-ஆவது பிரிவுகளில் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)-ஆவது விதி சமயம், இனம், பிறப்பிடம் முதலியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2001-இல் பாலினமும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உடற்குறை இன்னும் சேர்க்கப்படவில்லை. சக்கர நாற்காலியில் வந்தவரை ஒரு கடைக்காரர் வாசலோடு திருப்பி அனுப்பினால், அவரைக் கேள்வி கேட்க வலுவான வழி இல்லை.

மசாஜ் தொழிலைத் தொடும் இன்னொரு சட்டம், 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம். பாரம்பரிய மலாய், சீன, இந்திய மருத்துவம் உட்பட ஏழு துறைகளை அது அங்கீகரிக்கிறது. சிகிச்சையாளர்களின் பதிவு 2021 மார்ச்சில் தொடங்கியது. மூன்று ஆண்டு அவகாசமும் முடிந்துவிட்டது. நோயாளியின் பாதுகாப்புக்கு இது நல்லதே. ஆனால், பாட்டி சொல்லிக் கொடுத்துக் கற்ற கை, சான்றிதழ் இல்லாத கை. அனுபவமுள்ள இத்தகையோருக்கும் பார்வையற்றோருக்கும் பயிற்சியையும் பதிவையும் எளிதாக்கும் வழியை அரசாங்கம் திறந்து வைக்காவிட்டால், சட்டத்தை மதித்து நடப்பவர்களே தொழிலை விட்டு விலக நேரிடும்.

வாசற்படிக் கணக்கு

மெர்லிமாவுக்கு வரும் சுற்றுப்பயணிகள் விரும்பிப் படமெடுப்பது, டெமாங் அப்துல் கனி வீட்டின் வண்ண ஓடு பதித்த படிக்கட்டை. கண்ணுக்கு அழகான படிக்கட்டு. நடக்க முடியாதவருக்கோ ஒற்றைப் படியும் மதில் சுவர்தான்.

நம் சிற்றூர்க் கடைவீடுகளின் அமைப்பைப் பாருங்கள். சாலைக்கும் கடைக்கும் நடுவே வடிகால். அதைத் தாண்டினால் அஞ்சடி. ஒரு கடையின் அஞ்சடி உயரமாகவும் அடுத்த கடையினுடையது தாழ்வாகவும் இருக்கும். வாடகை குறைவு என்பதால் மசாஜ் நிலையங்கள் பெரும்பாலும் மாடியைத்தான் பிடிக்கின்றன. மின்தூக்கி கிடையாது. முழங்கால்வலிக்காரர் மசாஜுக்காக மாடிப்படி ஏற வேண்டும் என்பது கேலிக்கூத்து.

சரிசெய்யப் பெருஞ்செலவு ஆகாது. சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 12-க்கு 1. அதாவது, 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட வசதிகளை ஒருங்கிணைந்த கட்டடத் துணைவிதிகளின் 34ஏ பிரிவும், எம்.எஸ். 1184 தர அளவீடும் விவரிக்கின்றன. புதிய கட்டடம் எழும்போதே இதைக் கவனித்தால் கூடுதல் செலவு சொற்பம்.

வாசல் கடந்தால் அடுத்த கேள்வி கட்டில். உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மசாஜ் கட்டில் இருந்தால், சக்கர நாற்காலியிலிருந்து நகர்ந்து படுப்பது எளிது. குப்புறப் படுக்க முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தோ, உட்காரவைத்தோ பிடித்துவிடத் தெரிந்திருக்க வேண்டும். காது கேளாதவரிடம், அவர் முகம் தரையைப் பார்த்திருக்கும்போது பேசிப் பயனில்லை. வலித்தால் எப்படிச் சைகை காட்டுவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ‘இங்கே தொடலாமா?’ என்று கேட்டுவிட்டுத் தொடுவது யாருக்கும் உரிய மரியாதை. பெண்களுக்குப் பெண் சிகிச்சையாளர், மறைப்பு, உடன் வந்தவர் அருகில் அமர அனுமதி ஆகியவை இருந்தால் நம் அம்மாமார்களின் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

இவற்றில் பெரும்பாலானவை பணச் செலவில்லாத மாற்றங்கள். எல்லாரையும் ஏற்கும் நிலையம் என்பதற்குப் பளிங்குத் தரை இலக்கணமல்ல. வருபவரின் உடம்பு எப்படி இருந்தாலும் அதற்கேற்ப வேலை செய்யும் மனமும் பயிற்சியும்தான் இலக்கணம்.

அருகில் இருப்பதைத் தெரிந்துகொள்வோம்

மெர்லிமாவ்வாசி ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் போக, பேருந்தில் மலாக்கா சென்ட்ரல், அங்கிருந்து விரைவுப் பேருந்தில் பண்டார் தாசேக் செலாத்தான், பிறகு ரயிலில் கேஎல் சென்ட்ரல் எனப் பல முறை ஏறி இறங்க வேண்டும். நடக்கச் சிரமப்படுபவருக்கு இது ஒரு நாள் தண்டனை. பிடித்துவிட்ட சுகம் திரும்பி வரும் வழியிலேயே போய்விடும்.

ஆனால், காரில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய இடத்தில், நாட்டின் முக்கிய மறுவாழ்வு மையங்களில் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மலாக்கா, ஹங் துவா ஜெயாவில் 2014 முதல் இயங்கிவரும் பெர்கேசோ துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம்தான் அது. உடலியக்கச் சிகிச்சை, அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் பயிற்சி, நீர்வழிச் சிகிச்சை, இயந்திரங்களின் துணையோடு நடைப்பயிற்சி எனப் பல வசதிகள் அங்கே உண்டு. பெர்கேசோ சந்தாதாரர்களுக்கு, தகுதி இருந்தால், அந்தச் செலவை பெர்கேசோவே ஏற்கிறது.

பழைய தலைமுறை ‘சொக்சோ’ என்று அழைக்கும் இந்த அமைப்பு, 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971-இல் தொடங்கப்பட்டது. சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிக்கப்பட்ட அந்தச் சில வெள்ளி, வேலையிடத்து விபத்துக்கு மட்டுமல்லாமல் வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும், தொழில்சார்ந்த நோய்க்கும், உழைக்க முடியாத நிலைக்கும் ஈடு தரக்கூடியது. விபத்தில் அடிபட்டவரை வேலைக்குத் திரும்பச் செய்யும் திட்டம் 2007 முதல் நடப்பில் இருக்கிறது.

குத்தகையாளரிடம் வேலை செய்தவர்கள், தங்களுக்கு முதலாளி சந்தா கட்டினாரா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். குடும்பத் தலைவிகளுக்காக 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்த திட்டத்தில், ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். சொந்தத் தொழில் செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. தனியாக மசாஜ் தொழில் செய்யும் பார்வையற்றவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது சமூகநலத் துறையின் மாற்றுத்திறனாளி அட்டை. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவுகளில் பதியலாம். அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டணச் சலுகை கிடைக்கும். குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கான மாத உதவித்தொகை 2021 வரவுசெலவுத் திட்டத்தில் 450 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நாடு முழுவதும் பதிந்திருப்பவர்கள் 7 லட்சத்துக்கு மேல். உலக மக்களில் ஏறக்குறைய 16 விழுக்காட்டினருக்குக் கணிசமான உடற்குறை உண்டு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கை நம் மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகையோடு பொருத்தினால், பதியாதவர்கள் எத்தனை பேர் என்பது விளங்கும். ‘அட்டை எடுத்தால் ஊனமுற்றவன் என்று முத்திரை விழுந்துவிடும்’ என்ற கூச்சத்தால் உரிமையை விட்டுக்கொடுப்பவர்கள் நம்மிடையே உண்டு.

எல்லா வலிக்கும் மசாஜ் மருந்தல்ல

ஓர் எச்சரிக்கையும் தேவை. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அழுத்தம் அதிகமானாலும் தெரியாது. கொதி ஒற்றடம் சுட்டாலும் தெரியாது. கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். அந்நேரத்தில் உருவிவிடுவது உயிருக்கே ஆபத்து. விழுந்து அடிபட்ட முதியவரின் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமல் சுளுக்கு எடுப்பதும் அப்படித்தான். முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் எண்ணெயைத் தேடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ‘முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பத் தெரிந்தவரே நல்ல சிகிச்சையாளர்.

மெர்லிமாவில் முடியுமா?

முடியும். பெரிய கட்டடம் தேவையில்லை. கீழ்த்தளத்தில் ஒரு கடைவீடு அல்லது பொது மண்டபத்தின் ஓர் அறை, ஒரு சாய்தளம், உயரம் மாற்றக்கூடிய ஒரு கட்டில், பயிற்சி பெற்ற இரண்டு பேர் இருந்தால் தொடங்கலாம். தினமும் திறக்க முடியாவிட்டால், பிரிக்பீல்ட்ஸில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களை மாதத்துக்கு ஒரு முறை அழைத்து முகாம் நடத்தலாம். கோயில் மண்டபங்களில் இரத்ததான முகாமும் கண் பரிசோதனையும் நடத்தும் நம் இயக்கங்களுக்கு இது இயலாத காரியமல்ல. அதே முகாமில் பெர்கேசோ, சமூகநலத் துறை அதிகாரிகளையும் உட்காரவைத்தால், இடுப்பைப் பிடித்துவிட வந்தவர் தமக்குரிய உதவித்தொகைக்கும் மனுப் போட்டுவிட்டுப் போகலாம்.

ஜாசின் நகராண்மைக் கழகம் செய்ய வேண்டியதும் உண்டு. மசாஜ் நிலையங்களுக்கு உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் கீழ்த்தள வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் நடத்தும் நிலையங்களுக்கு உரிமக் கட்டணத்தைக் குறைக்கலாம். கடைத்தெரு அஞ்சடிகளைச் சமப்படுத்தலாம். இந்தக் கோரிக்கைகளை யாராவது எழுதிக் கொடுத்தால்தான் கழகத்தின் மேசைக்குப் போகும். அதை எழுதும் பொறுப்பு நம் பொது இயக்கங்களையும் சட்டமன்ற அலுவலகத்தையும் சேரும்.

இந்த நாட்டின் ரப்பரையும் செம்பனையையும் சுமந்த முதுகுகள் மெர்லிமாவில் இருக்கின்றன. அந்த முதுகுக்கு ஒரு கை ஆறுதல் கிடைக்க அவர்கள் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. முதற்கட்டமாக, உங்கள் வீட்டில் வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பவரின் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். அதில் சொக்சோ பிடித்தம் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு பெர்கேசோ அலுவலகம் போய்க் கேளுங்கள். அது அவர் உழைத்துக் கட்டிய பணம்.